சிதறிய புள்ளிகளின் மேல் ஒரு பரப்பு: பம்பு சோதனைக் கோப்பு ஒன்றின் ஆய்வு

கோப்பில் மூன்று நெடுவரிசைகள். முதலாவதில் வேகம், ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) கணக்கில். அடுத்ததில் டிஸ்சார்ஜ், அதாவது பம்பு தள்ளும் நீர், வினாடிக்கு இத்தனை லிட்டர் என்று. கடைசியில் திறன், அதாவது பம்புக்குக் கொடுத்த சக்தியில் நீருக்குப் போய்ச் சேரும் பங்கு, சதவீதமாக. டிரைவ் வைத்து வேகத்தை மாற்றக்கூடிய ஒரு சென்ட்ரிஃபியூகல் பம்பை 1000 முதல் 3000 ஆர்பிஎம் வரை வெவ்வேறு வேகங்களில் ஓட்டி, ஒவ்வொரு வேகத்திலும் வால்வைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து எடுத்த அளவீடுகள் அவை. இவற்றின் மேல் ஒரு முப்பரிமாணப் பரப்பைப் பொருத்தி வரைய வேண்டும். எந்த வேகத்தில் எவ்வளவு டிஸ்சார்ஜுக்குப் பம்பு நன்றாக ஓடும் என்பதை அந்தப் பரப்பைப் பார்த்தே சொல்ல முடிய வேண்டும். கேட்கப்பட்டது இவ்வளவுதான்.

கீழே வரும் எண்களை முழு எண்களுக்கு அருகே திருத்தி, ஓர் எளிய வளைவில் பொருந்தும்படி வைத்திருக்கிறேன். தாளும் கால்குலேட்டரும் இருந்தால் யாரும் போட்டுச் சரிபார்க்கலாம். சிக்கலின் வடிவம் இதனால் மாறவில்லை.

முதல் படம்

வால்வைக் கையால் திறந்ததால் டிஸ்சார்ஜ் ஒவ்வொரு வேகத்திலும் வேறு வேறு இடத்தில் நிற்கிறது. சுமை ஏறும்போது வேகமும் சற்று நழுவுகிறது. அதனால் புள்ளிகள் சதுரக் கட்டத்தில் அமையவில்லை. பைத்தானில் படம் வரையும் மேட்பிளாட்லிப்பில் பரப்பு வரையும் கட்டளையான பிளாட்_சர்ஃபேஸ், கட்டமாக அடுக்கிய எண்களைத்தான் ஏற்கும். மூன்று நெடுவரிசையை அப்படியே கொடுத்தால் பிழைச் செய்தி வரும். எல்லோரும் செய்வதுபோல், கோப்பைக் கொடுத்தவர்களும் சைபை என்ற கணக்கு நூலகத்தின் கிரிட்டேட்டாவை இடையில் வைத்து, சிதறிய புள்ளிகளைக் கட்டமாக மாற்றி, வண்ணம் பூசி வரைந்திருந்தார்கள்.

படம் பார்க்க நன்றாகவே இருந்தது. ஒரு முகடு, இருபக்கமும் சரிவு. ஆனால் முகட்டின் மேல் வரிசையாக மேடும் பள்ளமும். சோதனை ஓட்டிய வேகங்களில் மேடு, அவற்றுக்கு நடுவே பள்ளம். பம்புக்குள் அப்படி எதுவும் நடக்க வழியில்லை. 1500 ஆர்பிஎம்மில் நன்றாக ஓடி, 1750-இல் சுணங்கி, 2000-இல் மறுபடி நன்றாக ஓடும் பம்பை நான் பார்த்ததில்லை. மேடுகள் சோதனை ஓட்டிய வேகங்களில் மட்டும் வருகின்றன என்றாலே, அவை பம்பிலிருந்து வரவில்லை, வரைந்த முறையிலிருந்து வருகின்றன என்று சந்தேகப்பட வேண்டும்.

இன்னொரு கோளாறு குறைந்த வேகமும் அதிக டிஸ்சார்ஜும் சேரும் மூலையில். அங்கே புள்ளியே கிடையாது. 1000 ஆர்பிஎம்மில் இந்தப் பம்பு வினாடிக்கு 24 லிட்டர் தள்ளாது. வால்வை முழுதாகத் திறந்தாலும் 8 லிட்டருக்கு மேல் சோதிக்கவில்லை. கிரிட்டேட்டா அந்த மூலையைக் காலியாக விட்டது, அது நேர்மையான காரியம். காலியிடம் பிடிக்காமல், அடுத்த முயற்சியில் மீச்சிறு வர்க்க முறையில் (விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் மிகக் குறைவாக வரும்படி) இரண்டாம் படிப் பல்லுறுப்புக்கோவை ஒன்றைப் பொருத்தினார்கள். மூலை நிரம்பியது, ஆனால் அங்கே திறன் சுழியத்துக்கு வெகு கீழே போய்விட்டது.

பல்லுறுப்புக்கோவை ஏன் இங்கே ஆகாது

மூலையை மறைத்துவிட்டு உள்ளே மட்டும் பார்த்தாலும் இரண்டாம் படிக்கோவை இந்தப் புள்ளிகளுக்குப் பொருந்தாது. காரணத்தைப் படத்திலேயே காணலாம். 1000 ஆர்பிஎம்மில் திறன் வளைவு 8 லிட்டருக்குள் ஏறி இறங்கிவிடுகிறது. 3000-இல் அதே ஏற்ற இறக்கம் 24 லிட்டர் வரை விரிகிறது. அதாவது வேகம் கூடக்கூட மலை அகலமாகிறது. இரண்டாம் படிக்கோவையில் டிஸ்சார்ஜின் வர்க்கத்துக்கு ஒரே ஒரு கெழுதான் உண்டு. எந்த வேகத்தில் குறுக்கே வெட்டினாலும் அதே வளைவு, அதே அகலம். குறுகலான மலைக்கும் அகலமான மலைக்கும் நடுவே அது ஒரு சமரசம் செய்து, இரண்டிலும் தவறுகிறது.

படியை உயர்த்தினால்? நான்காம் படிக்கு 15 கெழுக்கள், ஆறாம் படிக்கு 28. புள்ளிகளுக்கு அருகே பொருத்தம் கூடும். புள்ளிகள் அடர்த்தியில்லாத ஓரங்களில் பரப்பு அலைபாயத் தொடங்கும். பொருத்தத்தின் தரத்தைச் சொல்லும் ஆர்-ஸ்கொயர் (1 என்றால் முழுப் பொருத்தம்) 0.99 என்று காட்டும்போதுகூட இது நடக்கும், ஏனென்றால் அந்த எண் புள்ளிகள் இருக்கும் இடத்தை மட்டுமே பார்க்கிறது.

நான்கு புள்ளிகள், இரண்டு மூலைவிட்டங்கள்

முகட்டின் மேடுபள்ளத்துக்கு வருவோம். விஷயம் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

எந்தப் பரப்பையும் சோதிக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, கையிலுள்ள புள்ளிகளில் சிலவற்றை ஒளித்துவைத்து, மீதியை வைத்துப் பரப்பை அமைத்து, ஒளித்த இடத்தில் அது என்ன சொல்கிறது என்று பார்ப்பது. இங்கே ஒற்றைப் புள்ளியாக ஒளித்தால் போதாது. ஒரே வேகத்தில் எடுத்த புள்ளிகள் அடுத்தடுத்து நெருக்கமாக இருப்பதால், ஒன்றை எடுத்தால் பக்கத்தில் இருப்பது விடையைச் சொல்லிக்கொடுத்துவிடும். ஒரு வேகத்தின் புள்ளிகள் அத்தனையையும் சேர்த்து ஒளிக்க வேண்டும். 2000 ஆர்பிஎம் வரிசையை அப்படி ஒளித்தோம்.

இப்போது 2000 ஆர்பிஎம், 10 லிட்டர் என்ற இடத்தைச் சுற்றி நான்கு புள்ளிகள் இருக்கின்றன.

அ: 1500 ஆர்பிஎம், 7.5 லிட்டர், திறன் 70.
ஆ: 1500 ஆர்பிஎம், 10 லிட்டர், திறன் 62.2.
இ: 2500 ஆர்பிஎம், 12.5 லிட்டர், திறன் 70.
ஈ: 2500 ஆர்பிஎம், 10 லிட்டர், திறன் 67.2.

இந்த நான்கும் ஓர் இணைகரம். அ-இ ஒரு மூலைவிட்டம், ஆ-ஈ இன்னொன்று. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் நாம் கேட்கும் 2000, 10. அ-இ வழியாகப் போனால் அங்கே திறன் 70. ஆ-ஈ வழியாகப் போனால் 62.2-க்கும் 67.2-க்கும் சராசரி, 64.7. ஒளித்துவைத்த அளவீடு சொல்வது 70.

கிரிட்டேட்டாவின் லீனியர் முறை புள்ளிகளை முக்கோணங்களாக இணைத்து, ஒவ்வொரு முக்கோணத்தையும் தட்டையான பலகையாக எடுத்துக்கொள்கிறது. எந்த மூலைவிட்டத்தை வரைவது என்பதை 1934-இல் போரிஸ் டெலோனே தந்த விதி முடிவு செய்கிறது: முக்கோணத்தின் சுற்றுவட்டத்துக்குள் வேறு புள்ளி இருக்கக் கூடாது. இணைகரத்தில் இந்த விதி எப்போதும் குட்டையான மூலைவிட்டத்தையே எடுக்கும். ஆ-ஈ இரண்டும் ஒரே டிஸ்சார்ஜில் இருப்பதால் அதுதான் குட்டை. ஆக விதி பிழையான மூலைவிட்டத்தைத் தேர்கிறது. முகட்டின் மேல் 5.3 சதவீதப் புள்ளி ஆழத்துக்கு ஒரு பள்ளம் விழுகிறது. அச்சுகளை எத்தனை மடங்கு நீட்டினாலும் சுருக்கினாலும் ஆ-ஈ தான் குட்டையாக இருக்கும். எனவே அளவுகோலை மாற்றி இதிலிருந்து தப்ப முடியாது.

டெலோனே விதிமேல் குற்றமில்லை. அது இரண்டு அச்சுகளை மட்டும் பார்த்து முக்கோணம் போடுகிறது. திறன் எந்தத் திசையில் ஓடுகிறது என்பது அதற்குத் தெரியாது, யாரும் சொல்லவும் இல்லை.

மற்ற முறைகளும் இதில் சிக்கும். டொனால்ட் ஷெப்பர்ட் 1968-இல் தந்த தூர எடை முறை, அருகிலுள்ள புள்ளிக்கு அதிக மதிப்பு, தொலைவிலுள்ளதற்குக் குறைவு என்று சராசரி எடுக்கிறது. சராசரி என்பதால் படித்த அளவீடுகளில் உச்சம் எதுவோ அதற்கு மேல் பரப்பு ஒருபோதும் போகாது. உண்மையான உச்சம் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இருந்தால் அது கிடைக்கவே கிடைக்காது. தூரம் என்று சொல்லும்போதே இன்னொரு தொல்லையும் வருகிறது. 1500 ஆர்பிஎம், 5 லிட்டர் என்ற இடத்திலிருந்து 1500, 10 என்ற புள்ளி 5 தூரத்தில். 1510, 5 என்ற புள்ளி 10 தூரத்தில். டிஸ்சார்ஜ் இரண்டு மடங்கான புள்ளி பக்கத்தில் இருக்கிறதாம், வெறும் 10 ஆர்பிஎம் மாறிய புள்ளி தள்ளி இருக்கிறதாம்! ஆர்பிஎம்மையும் லிட்டரையும் கூட்டி அளந்த தூரத்துக்குப் பொருள் இல்லை. இரண்டு அச்சையும் 0 முதல் 1 வரை சுருக்கிக்கொள்வது குறைந்தபட்சத் தேவை. கிரிட்டேட்டாவில் அதற்கு ரீஸ்கேல் என்றொரு விருப்பம் இருக்கிறது, நாமாகக் கேட்டால்தான் அது வேலை செய்யும்.

ரோலண்ட் ஹார்டி நில அமைப்புகளை வரைவதற்காக 1971-இல் தந்த மல்ட்டிகுவாட்ரிக், அதன் உறவான தின்-பிளேட் ஸ்ப்ளைன் போன்ற வளைபரப்பு முறைகள் இவற்றைவிட நல்லவை. வளைவாகப் போகும், உச்சத்தைத் தாண்டியும் எழும். ரிச்சர்ட் ஃபிராங்கே 1982-இல் வெளியிட்ட பெரிய ஒப்பீட்டில் மல்ட்டிகுவாட்ரிக் முன்வரிசையில் நின்றது. சிதறிய புள்ளிகளைப் பற்றி வேறெதுவும் தெரியாவிட்டால் நானும் அங்கிருந்துதான் தொடங்குவேன். ஆனால் இங்கே நமக்கு வேறு விஷயம் தெரியும்.

அச்சை மாற்றியதும்

பம்போடு பழகியவர்களுக்கு அஃபினிட்டி விதிகள் மனப்பாடம். டிஸ்சார்ஜ் வேகத்தோடு நேராக ஏறும், ஹெட் (நீரை எவ்வளவு உயரத்துக்குத் தள்ளுகிறது என்பது) வேகத்தின் வர்க்கத்தோடு, தண்டுக்குக் கொடுக்கும் சக்தி வேகத்தின் மும்மடியோடு. இந்த மூன்றும் சேர்ந்து ஏறும்போது திறன் ஏறக்குறைய மாறாமல் இருக்கும். அப்படியென்றால் திறனைத் தீர்மானிப்பது வேகமும் இல்லை, டிஸ்சார்ஜும் இல்லை; டிஸ்சார்ஜை வேகத்தால் வகுத்து வரும் விகிதம்.

நம் நான்கு புள்ளிகளை இந்த விகிதத்தில் எழுதிப் பார்க்கலாம், 1000 ஆர்பிஎம்முக்கு இத்தனை லிட்டர் என்று. அ-வுக்கு 5. ஆ-வுக்கு 6.67. இ-க்கு 5. ஈ-க்கு 4. முகடு முழுவதும் விகிதம் 5 என்ற ஒரே நேர்கோட்டில் வந்து உட்கார்ந்துவிட்டது. இந்த எண்களை நான் எடுத்த வளைவும் இதுதான்: விகிதம் 5-இல் 70 சதவீதம்; 5-இலிருந்து விலகும் அளவை 5-ஆல் வகுத்து, வர்க்கமாக்கி, 70-ஆல் பெருக்கி, 70-இலிருந்து கழிக்க வேண்டும்.

வேகம் ஓர் அச்சு, விகிதம் மறு அச்சு என்று வைத்து அதே டெலோனே விதியை ஓட்டினால் இந்த முறை அது அ-இ மூலைவிட்டத்தை எடுக்கிறது. இரண்டும் ஒரே விகிதத்தில் இருப்பதால் இப்போது அவைதான் நேருக்கு நேர் நிற்கின்றன. 2000, 10 என்ற இடத்தில் விடை 70. மென்பொருள் அதே, முறை அதே, புள்ளிகளும் அதே. பள்ளம் போய்விட்டது.

மூலைச் சிக்கலும் இதோடு தீர்ந்தது. வேகம்-டிஸ்சார்ஜ் தளத்தில் பம்பு ஓடக்கூடிய பகுதி வேகம் கூட விரியும் ஆப்பு வடிவம். வேகம்-விகிதம் தளத்தில் அது ஏறக்குறைய ஒரு செவ்வகம். 1000 ஆர்பிஎம்மில் 24 லிட்டர் என்ற நடக்காத மூலை புதிய தளத்தில் இடம்பெறவே இல்லை. இடைச்செருகல் (புள்ளிகளுக்கு நடுவே மதிப்பிடுவது) செய்ய வேண்டிய பகுதி எங்கும் புள்ளிகள் இருக்கின்றன. புறச்செருகலுக்கு (புள்ளிகளுக்கு வெளியே மதிப்பிடுவது) வேலையே இல்லை.

இன்னும் ஒரு படி போகலாம், அதைத்தான் கடைசியில் ஏற்றுக்கொண்டோம். திறன் என்பது நேரடியாக அளந்த எண் இல்லை. டிஸ்சார்ஜ், ஹெட், சக்தி மூன்றிலிருந்து கணக்குப் போட்டது. 3000 ஆர்பிஎம்மில் 15 லிட்டர், 30 மீட்டர் ஹெட் என்றால் நீருக்குப் போய்ச் சேர்ந்த சக்தி 1000 × 9.81 × 0.015 × 30 (நீரின் அடர்த்தி, புவியீர்ப்பு, கன மீட்டரில் டிஸ்சார்ஜ், ஹெட்), சுமார் 4415 வாட். தண்டில் 6300 வாட் கொடுத்திருந்தால் திறன் 70 சதவீதம். இந்த மூலக் கணக்கு சோதனைத் தாளில் இருந்தது, மூன்று நெடுவரிசைக் கோப்பில் இல்லை. அதைக் கேட்டு வாங்கி, ஹெட்டை வேகத்தின் வர்க்கத்தால் வகுத்து விகிதத்தோடு வரைந்தால், எல்லா வேகத்தின் புள்ளிகளும் ஏறக்குறைய ஒரே வளைவில் விழுகின்றன. சக்தியை மும்மடியால் வகுத்தாலும் அப்படியே. முப்பரிமாணப் பரப்பைப் பொருத்தும் வேலை, இரண்டு சாதாரண வளைவுகளைப் பொருத்தும் வேலையாகச் சுருங்கிவிட்டது. இரண்டிலிருந்தும் திறனைக் கணக்கிட்டால், டிஸ்சார்ஜ் சுழியமாகும்போது திறனும் தானாகவே சுழியமாகிறது. திறனின் மேல் நேராகப் பொருத்திய எந்தப் பரப்பும் இதை நமக்குக் கொடுக்கவில்லை.

எந்த அளவீட்டை எவ்வளவு நம்புவது

ஒரே நிலையில் திரும்பத் திரும்ப எடுத்த அளவீடுகள் கோப்பில் இருந்தன. 2000 ஆர்பிஎம், 10 லிட்டரில் 69.6, 70.4, 70.0. சராசரி 70, திட்ட விலக்கம் 0.4. பலர் இவற்றைத் தொல்லை என்று அழித்துவிடுகிறார்கள், ஏனென்றால் ஒரே இடத்தில் மூன்று உயரங்கள் இருந்தால் புள்ளிகள் அத்தனையையும் தொட்டுச் செல்லும் பரப்பு சாத்தியமில்லை, சில முறைகளில் மென்பொருள் மறுத்துவிடும். எனக்கு இவைதான் கோப்பிலேயே விலைமதிப்பான வரிகள். பரப்பு அளவீடுகளிலிருந்து எவ்வளவு விலகலாம் என்பதை வேறு எதுவும் சொல்வதில்லை. இங்கே அரைப் புள்ளி விலகினால் பரவாயில்லை. அதைவிட நெருக்கமாகப் பொருத்த முயன்றால் மீட்டரின் நடுக்கத்தைத்தான் பொருத்துகிறோம்.

அதே நம்பிக்கை எல்லா இடத்துக்கும் பொருந்தாது. டிஸ்சார்ஜ் மீட்டர் 0.1 லிட்டர் தவறலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 லிட்டரில் அது திறனில் அரைப் புள்ளிக்கும் குறைவு. 1000 ஆர்பிஎம்மில் 1.5 லிட்டரில், திறன் 35.7 இருக்கும் இடத்தில், அதே 0.1 லிட்டர் 2.4 புள்ளியை மாற்றிவிடும். இரண்டையும் சமமாக நம்பும் பரப்பு, குறைந்த டிஸ்சார்ஜ் ஓரத்தில் நெளியும். எடை கொடுத்துப் பொருத்த வேண்டும். மல்ட்டிகுவாட்ரிக் போன்றவற்றைப் போடும் சைபையின் ஆர்பிஎஃப் இன்டர்போலேட்டரில், பரப்பைப் புள்ளியிலிருந்து விலகவிடும் ஸ்மூத்திங் அளவை ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியாகவே கொடுக்கலாம். அதிகம் பேர் அதைப் பயன்படுத்துவதில்லை.

பொருத்திய பிறகு மிஞ்சிய விலகல்களையும் வேகத்துக்கு எதிரே வரைந்து பார்த்தோம். 1500-க்கு மேல் சுழியத்தின் இருபுறமும் சிதறிக் கிடந்தன. 1000-க்கு அருகே எல்லாம் ஒரே பக்கம், சுமார் 2 புள்ளி கீழே. இது மீட்டரின் நடுக்கமாக இருக்க முடியாது. பேரிங், சீல் இவற்றின் உராய்வு வேகத்தின் மும்மடியாகக் குறைவதில்லை. அதனால் மெதுவாக ஓடும்போது மொத்தச் சக்தியில் அவற்றின் பங்கு பெரிதாகிறது. அஃபினிட்டி விதி இங்கே சற்று இளகுகிறது. வேகத்தை மட்டும் சார்ந்த ஒரு சிறிய திருத்தத்தைச் சேர்த்ததும் அந்தச் சாய்வு மறைந்தது.

வரைந்த விதம்

கணக்கை வேகம்-விகிதம் தளத்தில் சீரான கட்டத்தில் போட்டு, வரையும் நேரத்தில் மட்டும் விகிதத்தை வேகத்தால் பெருக்கி டிஸ்சார்ஜாக மாற்றினோம். பிளாட்_சர்ஃபேஸுக்குக் கட்டம் சதுரமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, வரிசையும் நிரலும் ஒழுங்காக இருந்தால் போதும். அதனால் ஆப்பு வடிவம் படத்தில் தானாக வந்தது. எந்த மூலையையும் வெட்டவோ நிரப்பவோ வேண்டியிருக்கவில்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பிளாட்_சர்ஃபேஸ் எவ்வளவு நுணுக்கமான கட்டத்தைக் கொடுத்தாலும், நாம் வேறு சொல்லாவிட்டால் ஒவ்வொரு திசையிலும் 50-க்கு மேல் எடுத்துக்கொள்ளாது. வரிசை, நிரல் எண்ணிக்கைகளைச் சொல்லும் ஆர்கவுன்ட், சிகவுன்ட் இரண்டையும் கூட்டித்தான் முழுப் பரப்பையும் காண முடியும். சிறிய நெளிவுகள் இந்த இடத்தில்தான் கண்ணுக்குத் தப்புகின்றன.

அளவீட்டுப் புள்ளிகளைப் பரப்பின் மேல் வைத்தே காட்ட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். புள்ளி இல்லாத பரப்பைப் பார்ப்பவருக்கு எது அளந்தது, எது நாம் நிரப்பியது என்று தெரிய வழியில்லை. மேட்பிளாட்லிப்பின் முப்பரிமாண வரைவில் எது முன்னே எது பின்னே என்பது சரியாக வராது. பரப்புக்குக் கீழே உள்ள புள்ளி மேலே மிதப்பதுபோல் தெரியும். அதனால் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் பரப்பு வரை ஒரு சிறு செங்குத்துக் கோடு போட்டு, பரப்பைக் கொஞ்சம் ஒளி ஊடுருவும்படி வைத்தோம்.

எண் படிப்பதற்கு அந்தப் படத்தைக் கொடுக்கவில்லை. முகட்டின் பின்பக்கச் சரிவை முன்பக்கம் மறைக்கும், உயரத்தைக் கண்ணால் அளக்கவும் முடியாது. அதே எண்களிலிருந்து ஒரு காண்டூர் படம் வரைந்து, 50, 60, 65, 68 என்று சமத்திறன் கோடுகளைப் போட்டு, புள்ளிகளையும் குறித்துக் கொடுத்தோம். 1500-க்கு மேல் கோடுகள் மூலப்புள்ளியிலிருந்து விசிறிபோல் நேராகக் கிளம்புகின்றன. கீழே திருத்தத்தின் காரணமாக முகட்டை நோக்கி உள்ளே வளைகின்றன. பம்பை இயக்குபவர்கள் சுவரில் ஒட்டி வைத்திருப்பது இந்தத் தட்டைப் படத்தைத்தான்.

1000-க்கும் 1500-க்கும் நடுவே அளவீடு ஒன்றும் இல்லாததால், அந்தப் பட்டையில் கோடுகளை இடைவெளி விட்டு, துண்டு துண்டாக வரைந்திருக்கிறோம். திருத்தம் எந்த வேகத்தில் தொடங்குகிறது என்பது அந்தப் பட்டைக்குள்தான் இருக்கிறது. அடுத்த சோதனைக்கு 1200 ஆர்பிஎம்மில் விகிதம் 3, 5, 7 என்ற மூன்று இடங்களையும், ஒவ்வொன்றிலும் மூன்று முறை அளவெடுக்க வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.